ஊர்தி உயர்த்தும் சித்தாந்தம்: பரபக்கமும் சுபக்கமும்

புதுக் கார் வாங்கிய தமிழர் முதல் நாள் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறார்; முதல் மாதத்துக்குள் வண்டியின் அடிவயிற்றை நசுக்குகிறார். முன்னதற்குச் சடங்கு உண்டு, பின்னதற்கு இல்லை. தெருமுனை வேகத்தடையில் 'டர்ர்' என்று ஒரு ஒலி எழும். உள்ளே இருக்கும் ஐவரும், மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்ற நம்பிக்கையில், ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிப்பர். முன் இருக்கைக்காரர் "அடி வாங்கிடுச்சு" என்பார். அது ஓட்டுபவருக்கும் தெரியும். ஆகவே அவர் பேசமாட்டார். அன்று மாலை அவர் மெக்கானிக்கிடம் போய்க் கேட்பதே இவ்வாய்வின் பொருள்: "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் தூக்கிவிட முடியுமா?"

இக்கேள்விக்கு நாட்டில் வழங்கும் விடைகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஆசாரியரும் சீடரும் பட்டறையும் உண்டு. ஒருவர் விடையை மற்றவர் ஒப்புவதில்லை. இத்தகைய குழப்பத்தை நம் முன்னோர் தீர்த்த முறை ஒன்று இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயத்தார் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுத்ததைப் பரபக்கம் என்றும், தம் கொள்கையை நிறுவியதைச் சுபக்கம் என்றும் வகுத்தார். அவர் மறுக்கத் தொடங்கியது உலகாயதரை. நாம் ரப்பர்வாதியிலிருந்து தொடங்குவோம். அதற்கு முன் அளவை.

அளவை

தரைக்கும் வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்து தொங்கும் உறுப்புக்கும் இடையே உள்ள தூரம் கிரவுண்ட் கிளியரன்ஸ் எனப்படும். இங்கே தரை இடைவெளி என்போம். நம் தெருக்களில் ஓடும் சிறு கார்கள் பலவற்றுக்கு இது 160 மி.மீ.யிலிருந்து 170 மி.மீ. வரை. இவ்வாய்வில் 163 மி.மீ. தரை இடைவெளியும், முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 2,450 மி.மீ. தூரமும் உள்ள ஒரு காரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். வாசகர் தம் காரைக் கொண்டால் மறுப்பில்லை.

ஒரு வண்டி தாழ்வா உயர்வா என்று அறியும் வழி மூன்று. முதலாவது காட்சி: மெக்கானிக் ஒரு சாக்கை விரித்து, அதில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்ப்பது. இரண்டாவது கருதல்: ஒலியைக் கொண்டு உறுப்பை ஊகிப்பது. 'சர்ர்' என்றால் பம்பரின் கீழ் உதடு. 'டங்' என்றால் சைலன்சர் குழாய். 'டம்' என்று அடங்கிய ஒலி வந்து, பின்னால் சாலையில் கருப்பாக ஒரு கோடு தொடர்ந்தால் ஆயில் சம்ப். அதற்கு மேல் கருத ஒன்றுமில்லை, வண்டியை அணைத்துவிட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடலாம்.

மூன்றாவது உரை, அதாவது ஆப்த வாக்கியம். 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 50-வது கூட்டம் இதில் ஒரு தெளிவு தந்தது. நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரை இடைவெளி 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் அவ்வண்டியை எப்பெயரிட்டு அழைத்தாலும் 22 சதவீத செஸ் (2025-இல் அது நீங்கியது) உண்டு என்றது. ஆக 169 மி.மீ. ஒரு பிறவி, 170 மி.மீ. வேறு பிறவி. 2013 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் எஸ்.யூ.வி.களின் கலால் வரியை 27 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக உயர்த்தியபோது, அவை சாலையிலும் நிறுத்துமிடத்திலும் அதிக இடம் பிடிக்கின்றன என்று காரணம் காட்டினார். அக்காரணம் நீள அகலத்துக்குப் பொருந்தும். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கிடக்கும் காற்றுக்கு எங்ஙனம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

கவுன்சில் சொன்னதில் ஒரு தொடரை மட்டும் உரையாசிரியர் கண்கொண்டு பார்க்க வேண்டும்: தரை இடைவெளி 'சுமை ஏற்றாத நிலையில்' அளக்கப்பட வேண்டும் என்பது. அரசு காலி வண்டியை அளக்கிறது. வேகத்தடை நிறைந்த வண்டியை அளக்கிறது. இவ்விரு அளவைகளுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மாமா, ஒரு அத்தை, ஊரிலிருந்து ஏற்றிய ஒரு மூட்டை அரிசி. இதன் கணக்கு பின்னர் வரும்.

பரபக்கம்

ரப்பர்வாதி சொல்வது: காயில் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பஃபரைச் செருகு, வண்டி ஏறிவிடும், எதையும் கழற்ற வேண்டாம். ஏறும் என்பது மெய். ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழானது. ஆறு சுற்று வேலை செய்த ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை ரப்பர் முடக்கினால் மீதி ஐந்து. விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆக ரப்பர்வாதி உயரம் மட்டும் விற்கவில்லை. விறைப்பையும் சொல்லாமல் சேர்த்து விற்கிறார். மேலும் ரப்பருக்கும் கம்பிக்கும் இடையே சேறும் நீரும் தங்கும். அங்கே பெயின்ட் உரியும். உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். துருப்பிடித்த ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் ஊருக்குப் போகும் வழியில்தான் என்பது ரப்பர்வாதிகளே ஒப்புக்கொள்வது.

விறைப்பு என்று சொன்னதால் இதற்கு மூலவரைச் சொல்லாமல் போவது குருநிந்தை. ராபர்ட் ஹூக் 1676-இல் ஸ்பிரிங்கின் விதியைப் பதினான்கு லத்தீன் எழுத்துகளாகக் கலைத்து, அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டார். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பதிவாக வேண்டும், ஆனால் பிறருக்குப் புரிந்துவிடக் கூடாது. நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்று அதை விரித்தது 1678-இல். நூற்பாவை ஓராண்டில் வெளியிட்டு உரையை இரண்டாண்டு கழித்து எழுதியவர் அவர். நம் ஸ்பிரிங் கடைக்காரர்களில் சிலர் அந்த மரபை இன்றும் காத்து வருகிறார்கள்: விலை உடனே சொல்லப்படும், விளக்கம் பிறகு.

அடுத்தவர் கட்டைவாதி. இவர் ஸ்பிரிங்கைத் தொடமாட்டார். ஸ்ட்ரட்டின் தலைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஒரு அலுமினியக் கட்டையை வைத்து நீளமான போல்ட்டால் முடுக்குவார். விறைப்பு மாறாது, உயரம் மட்டும் கூடும். ரப்பரை விட நேர்மையான கொள்கை. மறுப்பு என்னவெனில், முன் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தான் படுத்திருந்த கோணத்தை விட்டு மேலும் கீழ்நோக்கிச் சாயும். மூட்டுகள் அக்கோணத்தில் தேயும், அவற்றைப் போர்த்திய ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் தெறிக்கும், திருப்பங்களில் 'டக் டக் டக்' என்று கேட்கும். சக்கரத்தின் சாய்வும் மாறும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். எனவே கட்டை சிறிதாயின் பிழை சிறிது, பெரிதாயின் பிழை பெரிது.

டயர்வாதியைச் சுருக்கமாகவே மறுக்கலாம். 165/80 ஆர்14 டயரைக் கழற்றி 175/80 ஆர்14 போடுகிறார். விட்டம் 16 மி.மீ. கூடும், அதில் பாதி மேலே போய்விடும், வண்டிக்குக் கிடைப்பது 8 மி.மீ. இதற்கு நான்கு டயர் விலை. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 102.6-இல் போய்க்கொண்டிருக்கும்.

இறக்கிவாதியை இப்படி எளிதில் விட முடியாது. பட்டறைப் பக்கமே போகாத சமயம் இது; தமிழகத்தில் மிகப் பரவலானது என்பது கட்டுரையாளரின் துணிபு. இதன் ஒரே கிரியை: வேகத்தடை வந்ததும் வண்டியை நிறுத்தி, "எல்லாரும் ஒரு நிமிஷம் இறங்குங்க" என்பது. வண்டி தனியே ஏறி இறங்கும். குடும்பம் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்ளும். அறிவியல் இவர்கள் பக்கமே நிற்கிறது. பின் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ வேண்டும் என்று கொள்க. பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் சாமான்களுமாக 200 கிலோ. ஆளுக்கு நூறாக இரண்டு ஸ்பிரிங்கும் பகிர்ந்தால் பின்பக்கம் 50 மி.மீ. அமுங்கும். மூவர் இறங்கி டிக்கியையும் காலி செய்தால், ஒரு காசு செலவின்றி, ஒரு போல்ட்டைக் கழற்றாமல், 5 செ.மீ. உயர்வு. உலகில் வேறு எந்த லிஃப்ட் கிட்டும் இவ்வளவு விரைவில் பொருத்தப்படுவதில்லை.

இறங்கும் வரிசை இச்சமயத்தின் ஆசார காண்டம். முதலில் இறங்குபவர் மச்சினன்; சொல்வதற்கு முன்பே இறங்கி, ஒரு காலைப் பின்வைத்துக் குனிந்து, அடியைப் பார்த்தபடி "வா வா வா, மாமா, நில்லு, இடிக்குது, இல்ல வா" என்று கையசைப்பது அவர் அதிகாரம். அடுத்து பிள்ளைகள், அவர்களுக்கு இது விளையாட்டு. பிறகு மனைவி, ஒரு பார்வையோடு. அத்தைக்கு மூட்டு வலி, விலக்கு உண்டு. புது மாப்பிள்ளை இறங்கியதாக எங்கும் சான்று கிடைக்கவில்லை; அவர் உட்கார்ந்திருக்க வண்டி அடி வாங்குவதே முறை. மழை, நள்ளிரவு, தூங்கும் குழந்தை ஆகிய மூன்று காலங்களில் இக்கிரியை செல்லாது என்பதால் இதுவும் நிறைவான சமயம் அன்று. இதன் உட்பிரிவினரான சாய்வுவாதிகள், வேகத்தடையைக் குறுக்காக அணுகி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவர். எதிரே பஸ் வராதவரை அது சரியே.

கடைசியாக மேம்பாலவாதி. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரியில் மக்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஸ்பிரிங் மாற்றாமல் பல மீட்டர் தரை இடைவெளி பெறும் வழி இது ஒன்றே. வெள்ளம் கண்டவர்கள் செய்ததைக் கேலி செய்ய இக்கட்டுரைக்கு உரிமை இல்லை. கார் மேலேயும் உரியவர் கீழேயும் இருப்பர் என்பதைத் தவிர வேறு மறுப்பும் இல்லை.

சுபக்கம்

இனி நம் கொள்கை. வண்டியை உயர்த்துவதானால் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது அரைச் சித்தாந்தம்.

மெக்கானிக்குகள் இதில் கண்ட நுட்பம் பாராட்டத்தக்கது. ஒரே மாடலில் டீசல் எஞ்சின் கனமானது. அதைத் தாங்க அந்த வண்டிக்கு முன் ஸ்பிரிங் விறைப்பாகக் கொடுத்திருப்பார்கள். அந்த ஸ்பிரிங்கைப் பெட்ரோல் வண்டிக்குப் போட்டால், இல்லாத எடையைத் தாங்க ஆயத்தமாக நின்று, மூக்கை உயர்த்திவிடும். அவ்வாறே சி.என்.ஜி. வண்டியின் பின் ஸ்பிரிங் சிலிண்டரின் சுமைக்காக வந்தது. சிலிண்டர் இல்லாத வண்டியில் அது அத்தையைச் சுமக்கும். இரண்டும் அதே கம்பெனி, அதே சாலைக்கான பாகம். சென்னைப் புதுப்பேட்டையில் 'டீசல் ஸ்பிரிங் இருக்கா' என்று கேட்டு நிற்பவரிடம் டீசல் வண்டிதான் இருக்க வேண்டும் என்று கொள்ளற்க.

கம்பியின் பருமனில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 13 மி.மீ. கம்பி என்றால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். விறைப்பு 38 சதவீதம் அதிகம். முன்பு 50 மி.மீ. அமுங்கிய பின்பக்கம் இப்போது 36 மி.மீ. மட்டுமே அமுங்கும். 14 மி.மீ. லாபம், அந்த லாபத்தை ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகெலும்பு திருப்பிச் செலுத்தும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றி நாட்டில் ஒரு பெரிய மயக்கம் உண்டு: அதுதான் வண்டியைத் தாங்குகிறது என்பது. தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கைக் கழற்றினாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும். ஸ்பிரிங்கைக் கழற்றினால் உட்கார்ந்துவிடும். ஷாக்கின் வேலை, உள்ளேயுள்ள எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஸ்பிரிங்கின் ஆட்டத்தைச் சூடாக்கித் தீர்ப்பது. விறைப்பு 38 சதவீதம் கூடினால், ஆட்டத்தை அதே ஒழுங்கில் அடக்க ஷாக்கின் பிடியும் 17 சதவீதம் கூட வேண்டும். கூடாவிட்டால் ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி அடுத்த பள்ளம் வரை தலையாட்டிக்கொண்டே போகும். நீளமும் ஒரு சிக்கல். உயர்ந்து நிற்கும் வண்டியில் பழைய ஷாக்கின் தண்டு ஏற்கெனவே பாதிக்கு மேல் வெளியே வந்திருக்கும். சக்கரம் குழிக்குள் இறங்கும்போது தண்டு தன் எல்லையை முட்டி 'டொக்' என்னும். ஆகவே சற்று நீண்ட, சற்றுப் பிடி அதிகமுள்ள ஷாக்.

இங்கே சித்தாந்தத்தின் மையக் கொள்கை துலங்குகிறது. முன் சக்கரத்தில் ஏர்ல் மெக்பர்சன் வகுத்த ஸ்ட்ரட். 1950-இல் ஃபோர்டு கான்சல் காரோடு அறிமுகமான அமைப்பு. அதில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணில் ஒன்றாய் நிற்கின்றன. பின் சக்கரத்தில், சிறு கார்கள் பலவற்றில், ஸ்பிரிங் ஓரிடம், ஷாக் ஓரிடம் என வேறாய் நிற்கின்றன. மாற்றும்போது இரண்டும் உடனாய் மாற்றப்பட வேண்டும். ஒன்றாய், வேறாய், உடனாய் என்று இறைக்கும் உயிர்க்கும் உள்ள தொடர்பைச் சைவர் சொன்னது கார் சஸ்பென்ஷனுக்கும் பொருந்துவது தற்செயல் என்று சிலர் கூறுவர். கூறட்டும்.

எவ்வளவு உயர்த்தலாம்? 2 செ.மீ., மிஞ்சிப் போனால் 3. வண்டி கவிழாமல் நிற்கும் திறனுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: இடவலச் சக்கரங்களின் இடைத்தூரத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். இடைத்தூரம் 1,500 மி.மீ., மையம் 530 மி.மீ. உயரத்தில் என்றால் 1.42. வண்டியை 5 செ.மீ. தூக்கினால் 1.29. எண் குறையக் குறையக் கவிழ்ச்சி நெருங்கும். உயரமான சிறு கார் ஒன்று திடீரென ஒதுங்கினால் என்னாகும் என்பதை 1997-இல் ஸ்வீடனில் பார்த்தார்கள். சாலையில் மூஸ் மான் குறுக்கிட்டால் விலகுவது போன்ற சோதனையில் மெர்சிடஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. கம்பெனி பிறகு அந்த மாடலுக்கு மின்னணு நிலைப்புக் கருவியைப் பொருத்தியது. நம்மூரில் மூஸ் இல்லை, எருமை உண்டு. எருமை விலகாது என்பதால் முழு விலகலும் ஓட்டுபவர் பொறுப்பு.

இவ்வளவும் நிறுவிய பின் ஒரு பூர்வபட்சி எழுந்து கேட்கிறார்: இத்தனை பாடும் எதற்கு? எந்த மேட்டைக் கடக்க? நியாயமான கேள்வி, மேட்டையும் அளந்து பார்ப்போம்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த ஐ.ஆர்.சி. 99 என்ற விதி வேகத்தடைக்கு உருவம் சொல்கிறது. பொதுவான சாலையில் 25 கி.மீ. வேகத்தில் கடக்க: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். நம் எடுத்துக்காட்டுக் கார் இதன் மேல் ஏறினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மீதே நிற்கும், ஏனெனில் 2.45 மீட்டர் 3.7-ஐ விடச் சிறிது. சக்கரங்களுக்கு நடுவே மேடு வயிற்றை நோக்கி எழும்புவது வெறும் 44 மி.மீ. ஐந்து பேர் ஏறியதால் நடுவயிறு 25 மி.மீ. தாழ்ந்திருக்கும் எனக் கொண்டாலும், 163-இல் இரண்டையும் கழித்தால் மிச்சம் 94 மி.மீ. நடுவே ஒரு பூனைக்குட்டி நிமிர்ந்து நடந்து போகலாம்.

இனி நம் தெரு வேகத்தடை. அகலம் அரை மீட்டர், உயரம் 15 செ.மீ. என்று கொள்க, குறைத்தே சொல்கிறோம். சக்கரங்கள் இருபுறமும் சமதரையில் நிற்க, மேடு முழுதாக 150 மி.மீ.க்கு நடுவில் எழுந்து நிற்கும். 163-இல் ஆட்களின் 25 போனால் 138. மேடு 150. 'டர்ர்.'

ஆகவே கார் தாழ்வாகப் பிறக்கவில்லை. விதிப்படி கட்டிய வேகத்தடைக்கு அது பிறவியிலேயே தேவைக்கு மேல் உயரமானது. ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் நாம் கொடுக்கும் பணம், மேடு விதியிலிருந்து விலகிய தூரத்துக்கான கட்டணம். விபத்து நடந்த மறுநாள் சாலை மறியல், அடுத்த நாள் இரவு மிச்சமிருந்த ஜல்லியும் தாரும், விடிந்தால் மேடு; அதற்கு வெள்ளைக் கோடும் இல்லை, முன்னறிவிப்புப் பலகையும் இல்லை. அதைக் கட்டச் சொன்னவர்களின் துயரம் உண்மை. கட்டியவரிடம் அளவு நாடா இல்லாததும் உண்மை.

சட்டத்தின் பார்வை இன்னும் சுவையானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆர்.சி.யில் தரை இடைவெளிக்கு ஒரு கட்டம் கிடையாது. வழக்கறிஞர்கள் அதில் நின்று வாதாடலாம். வண்டியை உயர்த்தியவருக்குப் பெயர், முகவரி, நம்பர் பிளேட் மூன்றும் இருக்கின்றன. மேட்டை உயர்த்தியவருக்கு ஒன்றுமில்லை.

சாலையும் சும்மா இருப்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்தில் இறங்கின. சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராயிருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன்பே சென்னையில் வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்கும் தொழில் வேரூன்றிவிட்டது. சாலை உயர வீடு உயர்ந்தது, வீடு உயரக் கார் ஏற்றும் சரிவு செங்குத்தாயிற்று, சரிவில் கார் வயிறு தட்ட, காரும் உயர்ந்தது. வீட்டுக்கும் காருக்கும் ஒரே கருவி, ஜாக்கி. வீட்டுக்கு ஷாக் மாற்ற வேண்டாம் என்பது மட்டுமே வேறுபாடு.

எனவே தீர்ப்பு. பட்டறைக்குப் போகும் முன் உங்கள் தெரு மேட்டை நாடா பிடித்து அளந்து, அளவை எழுதி, நகராட்சியிலோ ஊராட்சியிலோ மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேடு குறைந்தால் செலவு மிச்சம். குறையாவிட்டால் 2 செ.மீ.க்கு மேல் ஆசைப்படாமல், ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றாக மாற்றுங்கள். அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். வண்டியின் மூக்கு உயர்ந்தால் ஹெட்லைட்டின் பார்வையும் உயர்ந்திருக்கும். அதை மறக்காமல் கீழே இறக்கி வையுங்கள். எதிரே தூக்காத வண்டியில் வருபவர் இக்கட்டுரையாளராகவும் இருக்கக்கூடும்.